கருமாதிக்குப் பிறகு பிள்ளைகள்

துக்க வீட்டில் பெரியவர்களுக்கு 16 நாள் கணக்கு உண்டு. பால் தெளிப்பு, எட்டாம் நாள் படையல், கருமாதி என்று ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர்கள் வருவார்கள், யாராவது சமைப்பார்கள், சாய்ந்து அழ ஒரு தோள் கிடைக்கும். கருமாதி முடிந்த மறுநாள் கூடாரக்காரர் வந்து நாற்காலிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பிள்ளைகளின் துக்கம் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் தலைகாட்டும். அந்த நேரத்தில் ஊர் இருக்காது. யாராவது ஒருவர் மெனக்கெட்டு அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் நாங்கள் பார்த்ததையும் செய்ததையும் சொன்னால் வேறு வீட்டுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் தம்பி 44 வயதில் மாரடைப்பில் போனான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. மூத்தவன் அப்போது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம், நடுவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, கடைக்குட்டிக்கு ஐந்து வயது. நான் அவர்களுக்கு அத்தை, பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறேன். பல வருடம் பாலர் வகுப்பு எடுத்தவள் என்பதால் சின்னப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று ஓரளவு தெரியும். பதின்ம வயதுப் பிள்ளையின் துக்கம் எப்படி இருக்கும் என்பதை மூத்தவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் அப்பா அம்மா தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) எந்த வீட்டிலும் பிள்ளைகள் சாப்பிடலாம், எந்த வீட்டுப் பாயிலும் படுத்துக்கொள்ளலாம். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதால் இந்தப் பக்கம் கேட்கும். இப்போது தோட்டத்தை விட்டு வந்து தாமானில் வீடு வாங்கிவிட்டோம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரும்புக் கதவு, பூட்டு. பக்கத்து வீட்டார் நல்லவர்கள்தான், ஆனால் எட்டிப் பார்த்தால் தொந்தரவாக இருக்குமோ என்று தயங்குகிறார்கள். லயத்தில் தானாக நடந்ததை இங்கே யாராவது பொறுப்பெடுத்துச் செய்தால்தான் நடக்கும்.

செய்தி யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் எல்லாம் தொடங்குகிறது. தம்பி இறந்த அன்று சாயங்காலம் மூத்தவன் டியூஷனில் இருந்தான். நாங்கள் ஆஸ்பத்திரியில் பத்திரங்களுக்காகக் காத்து நின்ற நேரத்தில் யாரோ வாட்ஸ்அப் குழு ஒன்றில் தம்பியின் படத்தைப் போட்டு ஆழ்ந்த இரங்கல் என்று எழுதிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் கைப்பேசியில் மூத்தவன் அதைப் பார்த்தான். அப்பாவை நினைத்தாலே அந்தப் படம்தான் முதலில் வருகிறது என்று ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னான். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்றா என்று விசாரிக்காமல் இரங்கல் செய்தி போடாதீர்கள். உடலைப் படம் பிடித்து அனுப்புகிற பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். பெற்றவரோ, பிள்ளைக்கு ரொம்ப நெருக்கமானவரோ, எதிரில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய செய்தி அது.

சொல்லும்போது "இறந்துட்டார்" என்ற வார்த்தையைச் சொல்லத்தான் வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் மற்ற வார்த்தைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வது அதைவிட மோசம். கடைக்குட்டியிடம் பக்கத்து வீட்டு ஆயா ஒருவர் பாசத்தில், "அப்பா வேலைக்குப் போயிருக்காருய்யா" என்று சொல்லியிருந்தார். வேறு ஒருவர் "சாமிகிட்ட தூங்குறார்" என்றார். தம்பி ஓட்டியது ஹோண்டா இஎக்ஸ்5. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் அந்த மோட்டார் நிற்கும். சாயங்காலம் ஆனால் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் அவன் வாசலுக்கு ஓடி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இரவில் அம்மா கண்ணை மூடினால் உலுக்கி எழுப்புவான். தூங்கினால் சாமி வைத்துக்கொள்வார் என்று பயம்.

கருமாதி முடிந்த வாரத்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "அப்பா நெஞ்சுக்குள்ள இதயம்னு ஒண்ணு இருக்கு. அது ஓடிக்கிட்டே இருக்கணும். அப்பாவோடது நின்னுபோச்சு. டாக்டர் எவ்வளவோ பார்த்தார், திரும்ப ஓடல. அதனால அப்பா இறந்துட்டார். இறந்தவங்க சாப்பிட மாட்டாங்க, நடக்க மாட்டாங்க, அவங்களுக்கு வலிக்காது, குளிராது. திரும்ப வரவும் மாட்டாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வர மாட்டாருய்யா."

"தீபாவளிக்கு?"

"தீபாவளிக்கும் வர மாட்டார்."

கொஞ்ச நேரம் என் வளையலை உருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் மைலோ கேட்டான். கலக்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். மறுநாள் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான். அந்த வயதில் "இனிமேல் எப்போதும் இல்லை" என்பது மனதில் பிடிபடாது, கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வது என்று முடிவு செய்தோம். ஆளுக்கு ஒரு கதை சொன்னால் பிள்ளை தனக்குப் பிடித்த கதையை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கும். சாமி, மோட்சம் என்று வீட்டு நம்பிக்கையைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிட்டு அதைச் சொல்லுங்கள். "சாமி எடுத்துக்கிட்டார்" என்று மட்டும் சொன்னால், அடுத்து அம்மாவையும் எடுத்துக்கொள்வாரா என்றுதான் பிள்ளை யோசிக்கும்.

அழுதுகொண்டிருந்த பிள்ளை அரை மணி நேரத்தில் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "அறியாத பிள்ளை, மறந்துட்டான்" என்பார்கள். மறக்கவில்லை. பெரியவர்களைப் போலத் தொடர்ந்து துக்கத்தில் இருக்கச் சின்ன மனதால் முடியாது. கொஞ்சம் அழும், கொஞ்சம் விளையாடும், ராத்திரி படுக்கையை நனைக்கும், காரணமில்லாமல் காய்ச்சல் வரும். பொம்மையைப் படுக்க வைத்து மாலை போட்டுச் சாவு வீடு விளையாடினான் கடைக்குட்டி. பாட்டி பதறி அடிக்கக் கை ஓங்கினார், நான் தடுத்தேன். பார்த்ததைக் கைகளால் செய்து பார்த்துத்தான் அந்த வயதுப் பிள்ளைகள் புரிந்துகொள்கின்றன.

சடங்குகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதா, ஒதுக்குவதா என்பதில் எங்கள் வீட்டில் பெரிய சத்தமே வந்தது. நடுவள் சுடலைக்கு வருவேன் என்று நின்றாள். பெண் பிள்ளை அங்கே வரக் கூடாது, பயந்துகொள்வாள் என்று பெரியவர்கள் மறுத்தார்கள். பிள்ளைகளின் தாய்மாமன்தான், "என் பொறுப்பில வரட்டும்" என்று முடித்துவைத்தார். போவதற்கு முன்னால் அவளை அறைக்குள் கூட்டிப்போய் என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னேன். அப்பா முகம் எப்படி இருக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும், பாட்டி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார், அது துக்கத்தைச் சொல்கிற வழி, பாட்டிக்கு ஒன்றும் ஆகாது, வாய்க்கரிசி போடச் சொல்வார்கள், இஷ்டமில்லை என்றால் போட வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வந்துவிடலாம் என்றேன். "எரிச்சா அப்பாவுக்குச் சுடாதா அத்தை?" என்று கேட்டாள். உயிர் இருக்கிற உடம்புக்குத்தான் சுடும், வலிக்கும் என்றேன். அவள் பயப்படவில்லை. மாமன் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றாள். அதற்காக எல்லாப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வர மாட்டேன் என்ற பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதும் தப்பு. முன்கூட்டியே விவரம் சொல்லி, முடிவைப் பிள்ளையிடம் விட்டு, அதற்கென்று ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். அந்தப் பெரியவர் காரியத்தில் வேறு வேலை இல்லாதவராக இருப்பது நல்லது.

மூத்தவன் கொள்ளி வைத்தவன். மொட்டைத் தலையோடு கூடாரத்தில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவன் தோளைத் தட்டி, "இனிமே நீதான்பா இந்த வீட்டுக்கு ஆம்பள. அம்மாவப் பார்த்துக்கணும், தங்கச்சி தம்பியப் பார்த்துக்கணும். அழக் கூடாது" என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். தோட்டத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலைக்குப் போகிற ஆள் இருந்தால்தான் அந்த வீட்டில் இருக்க முடியும். அப்பா இறந்தால் மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போனால்தான் குடும்பத்துக்குக் கூரை. அன்றைக்கு "இனி நீதான்" என்பது நிஜமான ஏற்பாடு. தோட்டம் போன பிறகும் அந்தப் பேச்சு மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. 15 வயதுப் பையன் அதை அப்படியே நம்பிவிடுகிறான்.

இவனும் நம்பினான். அழவே இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டினானா என்று இரவில் எழுந்து எழுந்து பார்ப்பான். ஒரு கார் கழுவும் கடையில் வேலை கேட்டிருக்கிறான், பள்ளிக்குப் போகப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறான், எங்கள் யாருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், எல்லோரும் தூங்கிய பிறகு அப்பாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுப் பாதையில் வேகமாக ஓட்டிவிட்டு வருவான். லைசென்ஸ் எடுக்கிற வயதுகூட இல்லை. திட்டினால் கதவைச் சாத்திக்கொள்வான். பதின்ம வயதில் துக்கம் அழுகையாக வராமல் கோபமாக, வேகமாக, தூக்கமாக, எதிர்த்துப் பேசுவதாக வரும். பார்க்கிறவர்களுக்கு அது திமிராகத்தான் தெரியும்.

ஒரு நாள் பட்டப்பகலிலேயே மோட்டாரை முடுக்கினான். சத்தம் கேட்டுக் கடைக்குட்டி உள்ளேயிருந்து "அப்பா!" என்று ஓடி வந்தான். தெருவில் போகிற மோட்டார் இல்லை, அப்பாவுடைய மோட்டாரே. வாசலில் அண்ணனைப் பார்த்ததும் முகம் சுருங்கி நின்றது. மூத்தவன் இன்ஜினை நிறுத்திவிட்டு அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தான். தம்பியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதான், சத்தம் போட்டு அழுதான். நானும் அவன் அம்மாவும் உள்ளே இருந்தோம். அம்மா ஓடப் போனாள், நான் கொஞ்சம் பொறு என்றேன். பிறகு போய் இரண்டு பேர் பக்கத்திலும் உட்கார்ந்தோம். யாரும் "அழாதே" என்று சொல்லவில்லை.

அந்த வாரமே தாய்மாமன் அவனிடம் தெளிவாகப் பேசினார். "குடும்பத்தப் பார்க்க உங்கம்மா இருக்கா, நான் இருக்கேன், உங்க அத்தை இருக்கு. நீ இந்த வீட்டுப் பிள்ளை. உன் வேலை பள்ளிக்கூடம் போறது. உதவி பண்ணு, வேணாங்கல. ஆனா அப்பா வேலை உனக்கு இல்ல." வாயால் சொன்னது போதாது என்று காகிதத்தையும் காட்டினோம். துக்கத்தில் இருக்கிற பதின்ம வயதுப் பிள்ளையின் மனதில் பாதி பணக் கவலைதான், அதை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும். வேலை செய்யும் இடத்தில் விபத்து நடந்தால்தான் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சந்தா கட்டிய தொழிலாளி 60 வயதுக்கு முன்னால் நோயால் இறந்தாலும், சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகளின் பங்கு 21 வயது வரை அல்லது திருமணம் வரை வரும். படித்துக்கொண்டிருந்தால் முதல் பட்டம் முடியும் வரை தொடரும். சொக்சோ கடிதம், அப்பாவின் ஊழியர் சேமநிதிக் கணக்கு, வீட்டுத் தவணை, மூன்றையும் மேசையில் வைத்து அவனையே கூட்டிப் பார்க்கச் சொன்னோம். நெருக்கம்தான், ஆனால் பட்டினி இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. கார் கழுவும் பேச்சு அதோடு நின்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதற்கெல்லாம் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். நம் நாட்டில் 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் இன்னமும் இருக்கின்றன. ஆள் போன பிறகு மனைவியும் பிள்ளைகளும் அலுவலகம் அலுவலகமாக அலைவதை நான் பார்த்திருக்கிறேன். ஆள் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

மோட்டாரை விற்றுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் விற்கவில்லை. சாவி மாமனிடம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவார், எண்ணெய் மாற்ற, சங்கிலி இறுக்கச் சொல்லித் தருவார், 16 வயதில் முறையாக லைசென்ஸ் எடுக்கலாம் என்று ஏற்பாடு. இறந்தவரின் பொருள்களை அவசரப்பட்டு வீட்டை விட்டு வெளியேற்றாதீர்கள். எது வேண்டும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நடுவள் அப்பாவின் வேலைச் சட்டை ஒன்றைக் கேட்டாள், துவைக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

நடுவளைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். பாத்திரம் கழுவுவாள், தம்பிக்குச் சோறு ஊட்டுவாள், பாடத்தில் குறை வைக்க மாட்டாள். இப்படி இருக்கிற பிள்ளையைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். திங்கட்கிழமை காலையானால் அவளுக்கு வயிற்றுவலி. கிளினிக்கில் பார்த்தார்கள், உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். வலி பொய்யில்லை, சொல்ல முடியாதது வயிற்றில் நிற்கிறது என்று எனக்குப் பட்டது.

எதிரில் உட்கார வைத்து "மனசுல என்ன இருக்கு சொல்லு" என்றால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. கையில் வேலை இருக்க வேண்டும், கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியிராத இடமாக இருக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு பேரும் பின்வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். நான் தம்பியின் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன், லயத்துக்குப் பின்னால் ஓடையில் மீன் பிடித்து அடி வாங்கியது. காம்பைக் கிள்ளிக்கொண்டே, தலை நிமிராமல், "நான் அன்னைக்குக் காலையில அப்பாகிட்ட சண்டை போட்டேன் அத்தை" என்றாள். பள்ளிச் சுற்றுலாவுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கேட்டிருக்கிறாள், அப்பா சாயங்காலம் தருகிறேன் என்றிருக்கிறார், இவள் கோபத்தில் பேசாமல் போய்விட்டாள். "நான் கோவமாப் போனதாலதான் அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சுச்சு." அவ்வளவு நாளும் அந்த ஐந்து வெள்ளியை மனதில் வைத்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவியிருக்கிறாள்.

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்று ஆறுதல் சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் போதாது. எப்படி இல்லை என்று காட்ட வேண்டும். எங்கள் தெருவில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கூட்டிப்போனேன். பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு இதயத்தை வரைந்தார். அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களை வரைந்து, ஒரு குழாயின் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பு படிகிற மாதிரிப் பேனாவால் கறுப்பாக்கிக்கொண்டே வந்தார். "இது பல வருஷமா அடைச்சுக்கிட்டே வந்ததும்மா. நீ பாலர் பள்ளி போறப்பவே ஆரம்பிச்சிருக்கும். அன்னைக்கு முழுசா அடைச்சிருச்சு. அதட்டுறதால, கோவப்படுறதால இந்தக் கொழுப்பு உண்டாகாது." அவள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் இப்படி அடைத்திருக்குமா என்று அடுத்த கேள்வி வந்தது. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்து, முடிவை மகளிடமே காட்டினோம். திங்கட்கிழமை வலி உடனே போகவில்லை, ஆனால் குறைந்தது. தன்னால்தான் நடந்தது என்ற எண்ணம் சின்ன வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு வரும், கேட்காமலே அதற்குப் பதில் சொல்லி வைப்பது நல்லது. "நீ செஞ்ச சேட்டையாலதான் அப்பா போயிட்டார்" என்று அடக்குவதற்காகக்கூட யாரும் சொல்லக் கூடாது.

பள்ளி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை திரும்பப் போவதற்கு முந்தின நாளே வகுப்பாசிரியரைப் பாருங்கள். மூத்தவனின் ஆசிரியை அவன் வருவதற்கு முன்பே வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி வைத்தார், இந்துக்கள் ஏன் மொட்டை போடுகிறார்கள் என்று மலாய், சீனப் பிள்ளைகளுக்கும் விளக்கினார். அதனால் அவன் வகுப்பில் யாரும் அவனைப் போத்தாக் (மொட்டை) என்று கூப்பிடவில்லை, அடுத்த வகுப்பில்தான் கூப்பிட்டார்கள். இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருப்பார், நாமாகப் போய்க் கேட்க வேண்டும். சின்னத் தமிழ்ப்பள்ளிகளில் அதற்கென்று முழுநேர ஆசிரியர் இருக்க மாட்டார், பிள்ளைக்குப் பிடித்த ஓர் ஆசிரியரைச் சொல்லி வைத்தால் போதும். பள்ளிப் படிவங்களில் அப்பா பெயர், அப்பா வேலை என்று கட்டம் வரும். அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் நடுவள். என்ன எழுதுவது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்து கொடுத்தோம். பெயரை முழுதாக எழுதி, வேலைக் கட்டத்தில் காலமானார் என்று மலாயில் எழுதச் சொன்னோம்.

முதல் தீபாவளி வந்தது. துக்க வருடம், நமக்குப் பண்டிகை இல்லை. தெரு முழுக்க விளக்கு, மத்தாப்பு. பெரியவர்களுக்கு அந்த வழக்கம் புரியும், பிள்ளைகளுக்கு அது தண்டனை மாதிரி இருக்கும். புதுச் சட்டை, பலகாரம் வேண்டாம், ஆனால் படையல் உண்டு, அதைப் பிள்ளைகள் போடட்டும் என்று சொன்னேன். அப்பாவுக்குப் பிடித்ததை ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூத்தவன் கருவாட்டுக் குழம்பு என்றான். நடுவள் அவர் குடிக்கிற கோப்பி, சீனி குறைவாக என்றாள். கடைக்குட்டி மேகி கோரேங் (வறுத்த மேகி) என்றான். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் ஒட்டுக்கடையில் ஒரே தட்டில் சாப்பிடுவார்களாம், எங்களுக்கே தெரியாது. படையலில் மேகியா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். தம்பியைப் பெற்ற என் அம்மா, "என் மகன் சாப்பிட்டதுதானே, வைங்க" என்றார். வாழையிலையில் முட்டையோடு மேகி கோரேங் வைத்தோம். அன்று சாப்பிடும்போதுதான் தம்பியைப் பற்றி எல்லோரும் வாய்விட்டுப் பேசினோம், சிரிக்கவும் செய்தோம். இறந்தவர் பேரை எடுத்தால் பிள்ளைகள் அழும் என்று நாம் பேசாமல் இருக்கிறோம். அவர் பேரை யாரும் எடுக்காத வீட்டில் பிள்ளைகள் தனியாக அழுகின்றன.

என் தம்பி மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் சில மாதம் அவள் பிள்ளைகள் முன்னால் அழுவதில்லை, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். மூன்று பேரும் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். "அவங்களுக்கு எல்லாம் தெரியும்மா, வெளியில உட்கார்ந்தே அழு" என்றேன். "அம்மாவுக்கு அப்பா நினைப்பு வந்துருச்சு, கொஞ்ச நேரத்துல சரியாயிரும், அப்புறம் சோறு போடுறேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். அம்மா அழுவாள், ஆனால் சோறு போடுவாள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும். ஆனால் அவளுடைய எல்லா வேதனையையும் மூத்தவனிடமோ நடுவளிடமோ கொட்டக் கூடாது. அதற்கு நான் இருந்தேன், கோயில் தோழி ஒருத்தி இருந்தாள். பிள்ளைக்கு உதவ நினைக்கிறவர்கள் பெற்றவளுக்கு ஒரு வேளை தூக்கம் கிடைக்கச் செய்தாலே பெரிய உதவி.

வருடத் திதி முடிந்தால் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கடைக்குட்டி தேறினான், மூத்தவன் தேறினான், நடுவள் இரண்டாம் வருடம்தான் உடைந்தாள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் வில்லியம் வோர்டன், ஃபிலிஸ் சில்வர்மன் என்ற ஆய்வாளர்கள் தாயையோ தந்தையையோ இழந்த 6 முதல் 17 வயது வரையான 125 பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அதில் பெரும்பாலான பிள்ளைகள் சமாளித்துக்கொண்டார்கள், ஆனால் சிலரிடம் முதல் வருடத்தில் தெரியாத சிரமம் இரண்டாம் வருடத்தில் தெரிந்தது. ஒரு பயிற்சியில் இதைக் கேட்டபோது நடுவள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன வருடம் அது. புது இடத்தில் அவள் அப்பாவை அறிந்தவர் ஒருவரும் இல்லை. பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, தோழிகளை விட்டு விலகினாள். ஆலோசக ஆசிரியையிடம் பேச ஏற்பாடு செய்தோம், அவர் சொல்லி அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்தோம், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி. மனநல டாக்டரிடம் போனால் பிள்ளைக்குப் பைத்தியம் என்று பேர் வந்துவிடும் என்று அஞ்சி வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்களுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன். மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால், பள்ளிக்கே போக மறுத்தால், உடம்பில் கீறிக்கொண்டால், குடிப்பழக்கம் தொடங்கினால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். "நானும் அப்பாகிட்ட போறேன்" என்று சொன்னால் அன்றைக்கே போக வேண்டும். சின்னப் பிள்ளை அப்பாவைப் பார்க்கும் ஆசையில் அப்படிச் சொல்லலாம், பதின்ம வயதுப் பிள்ளை சொன்னால் சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை 2023-ல் நம் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது, அந்தப் பயம் இனி வேண்டாம். எந்த நேரமும் அழைக்க 15999 இருக்கிறது, அது அரசாங்கத்தின் தாலியான் காசே (Talian Kasih) உதவி எண். சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கு 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-76272929, அங்கே இரவு பகல் எப்போதும் ஆள் கேட்பார்கள். இந்த எண்கள் பெரியவர்களிடம் மட்டும் இருந்தால் போதாது, பிள்ளைகளின் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். மூத்தவனுடையதில் நானே பதிந்து கொடுத்தேன். போன வருடம் தாயை இழந்த ஒரு நண்பனுக்கு அவன் அதை அனுப்பிவிட்டு, "ராத்திரி தூக்கம் வரலைன்னா எனக்கும் போன் பண்ணுடா" என்றும் எழுதியிருந்தான்.